வாங்கும் மேசையில் தாதிக்கு என்ன வேலை? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண மாவட்ட வைத்தியசாலைகளில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்தவள் நான். கடைசி ஏழெட்டு வருடம் மருந்துக் குழு, கருவி வாங்கும் குழு என்று கூட்டங்களிலும் இருந்திருக்கிறேன். இளம் தாதியர், மருத்துவ மாணவர், வெளிநாட்டிலிருந்து ஏதாவது வாங்கித் தர விரும்பும் உறவுகள் என்று பலரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

திட்டமிடுவதும் வாங்குவதும் நிர்வாகத்தின் வேலைதானே? அங்கே தாதி எதற்கு?

காசு ஒதுக்குவதும் கையெழுத்து வைப்பதும் நிர்வாகத்தின் வேலைதான். எதை, எவ்வளவு, எந்த அளவில் வாங்குவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் அலுவலகத்தில் கிடைக்காது, நோயாளர் விடுதியில்தான் (வார்ட்டில்தான்) கிடைக்கும்.

ஒருமுறை நான் வேலை செய்த இடத்துக்குச் சத்திரசிகிச்சைக் கையுறைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. எல்லாம் 7.5, இல்லாவிட்டால் 8. எங்கள் விடுதியில் பெரும்பாலும் பெண்கள். 6, 6.5தான் எங்கள் கைக்குச் சரி. பெரிய கையுறையைப் போட்டால் விரல் நுனியில் ரப்பர் சுருண்டு தொங்கும். தையல் நூலைப் பிடித்தால் நழுவும், கதீற்றர் (சலக்குழாய்) போடும்போது நுனி மடிந்து தொடக்கூடாத இடத்தில் படும். ஒரு பிள்ளை கையுறைக்கு மேல் பிளாஸ்டர் சுற்றி வேலை செய்ததை என் கண்ணால் பார்த்தேன். கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) பொருளின் பெயரும் மொத்த எண்ணிக்கையும் சரியாக இருந்தன. அளவுவாரியாகப் பிரித்துக் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எழுதியவரில் பிழை சொல்ல மாட்டேன், அவர் கையுறை போட்டு வேலை செய்கிறவர் அல்ல. விடுதியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் விசயம் அது.

பட்டியல் எழுதும்போதே நாங்கள் அங்கே இருக்க வேண்டும். பெட்டி வந்து இறங்கிய பிறகு கருத்துக் கேட்டால் எங்களுக்கு முறைப்பாடு சொல்லத்தான் முடியும்.

எங்கள் வைத்தியசாலைகளுக்கு மருந்து எந்த வழியாக வருகிறது?

சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருக்கிறது. மந்திகை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகளும் சிறிய பிரதேச வைத்தியசாலைகளும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் பொறுப்பு. மருந்தின் பெரும்பகுதி இரண்டு பக்கத்துக்கும் கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்துதான் வருகிறது. மாகாண வைத்தியசாலைகளுக்கு அது பிராந்திய மருந்துக் களஞ்சியம் வழியாக வந்து சேரும். அரச வைத்தியசாலைகளுக்கான மருந்தைக் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவது ஒசுசல மருந்தகங்களை நடத்தும் அரச மருந்துக் கூட்டுத்தாபனம். பேராசிரியர் சேனக பிபிலே அதன் முதல் தலைவர், ஆண்டு 1971. கம்பனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப் பெயரில், தேவையானதை மட்டும், மொத்தமாக வாங்கினால் ஏழை நாடு தாக்குப்பிடிக்கும் என்று காட்டியவர் அவர். அவர் ஒரு மருந்தியல் பேராசிரியர், கணக்காளர் அல்ல. மருத்துவம் தெரிந்த ஒருவர் வாங்கும் கதிரையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் உதாரணம் இது.

ஒரு பொருள் களஞ்சியத்தில் இல்லாவிட்டால் வைத்தியசாலையே உள்ளூரில் வாங்கலாம். அது பெரும்பாலும் கூடுதல் விலைக்குத்தான் வரும். ஆகவே ஆண்டுத் தேவையைக் கணக்கிடுவதில் விட்ட பிழையை உள்ளூர்க் கொள்வனவில் காசு கொடுத்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஆண்டு மதிப்பீடு என்று சொல்கிறார்களே, அதை எப்படிப் போடுகிறார்கள்?

போன வருடம் எவ்வளவு முடிந்தது என்று பார்த்து, அடுத்த வருடத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்பதுதான் வழக்கம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. பொறி எங்கே என்றால், ‘முடிந்தது’ என்ற கணக்கு களஞ்சியம் கொடுத்ததைத்தான் காட்டும். விடுதிக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பது அதில் தெரியாது.

மஞ்சள் கனூலாவை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பில் மருந்தேற்றப் போடும் மெல்லிய குழாய் அது; 24 அளவு, குழந்தைகளுக்குப் போடுவது. ஒரு வருடத்தில் ஒன்பது மாதம்தான் களஞ்சியத்தில் இருந்தது, அந்த ஒன்பது மாதத்தில் 1800 போனது என்று வைப்போம். புத்தகத்தைப் பார்க்கிறவர் வருடத்துக்கு 1800 என்று எழுதுவார். உண்மையில் மாதம் 200, ஆகவே வருடத்துக்கு 2400. அந்த 600 அடுத்த வருடமும் குறையும், புத்தகமும் மறுபடி 1800 என்றே காட்டும். இப்படியே ஒரு தட்டுப்பாடு வருடாவருடம் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகும்.

ஒருமுறை களஞ்சியப் பொறுப்பாளர் என்னிடம், “மிஸ், வருசம் முழுக்க நீங்கள் இருபது பெட்டிதானே எடுத்திருக்கிறீங்கள், பிறகேன் நாற்பது கேட்கிறீங்கள்?” என்று கேட்டார். “ஐயா, உங்களிட்ட இருந்ததே இருபதுதானே” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பதிவேட்டை எடுத்து, எந்தெந்த மாதம் ‘இருப்பில் இல்லை’ என்று இருந்தது என்று என்னோடு இருந்து எண்ணினார். நல்ல மனிதர். அதுவரைக்கும் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஆகவே விடுதிப் பொறுப்பில் இருக்கும் தாதியருக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒரு பொருள் இல்லாத நாளையும் எழுதி வையுங்கள். அதற்குப் பதிலாக எதைப் பாவித்தீர்கள், வருத்தக்காரரின் வீட்டார் வெளியே எத்தனை வாங்கிவந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வீட்டார் மருந்து எழுதிய துண்டைப் பிடித்துக்கொண்டு கடை கடையாக அலைந்தார்கள். அந்த அலைச்சல் எந்தக் களஞ்சியப் புத்தகத்திலும் ஏறவில்லை.

மருத்துவர்களின் பங்கு என்ன? எல்லாவற்றையும் அவர்களே தீர்மானிக்கலாமே?

எந்த மருந்து உயிர்காக்கும், எது அத்தியாவசியம், எது இல்லாமலும் சமாளிக்கலாம் என்று பிரிப்பது மருத்துவ நிபுணர்களின் வேலை. காசு குறைந்த வருடத்தில் முதலில் எதைக் காப்பாற்றுவது என்பதை அந்தப் பிரிப்புத்தான் சொல்லும். பெரிய கருவி என்றால் விபரக்குறிப்பு எழுதுவதும், தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவில் இருந்து வந்த விலைமனுக்களை ஒப்பிடுவதும் அவர்கள்தான்.

ஆனால் நிபுணர்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள். ஒருவர் ஆசையாகக் கேட்டு வாங்கிய கருவி, அடுத்தவர் வரும்போது உறை போட்டு மூடப்பட்டிருக்கும். அந்த அறையில் பத்து வருடம் தொடர்ந்து நிற்பது தாதியும் மருந்தாளரும் ஆய்வுகூடக்காரரும்தான். அதனால் ஒரே ஒருவரின் கையெழுத்தில் பெரிய கருவி வாங்கப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மருந்தைப் பற்றி மருத்துவருக்குத் தெரியும். அது கையில் எப்படி நடந்துகொள்கிறது என்பது தாதிக்குத் தெரியும். எவ்வளவு மிச்சம், எப்போது காலாவதி என்பது மருந்தாளருக்குத் தெரியும். மூன்று பேரையும் ஒரே நேரத்தில் இருத்திக் கதைத்தால்தான் முழுப்படம் வரும்.

லண்டனில் இருக்கும் அண்ணா, அங்கே ஜீபிமாரே (குடும்ப மருத்துவர்களே) வைத்தியசாலையிடம் சேவையை ‘வாங்குகிறார்கள்’ என்கிறார். அது என்ன முறை?

அது இங்கிலாந்தின் கதை. அங்கே 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றோடு, சேவையை வாங்குகிற தரப்பும் கொடுக்கிற தரப்பும் பிரிக்கப்பட்டன. 1991இலிருந்து சில ஜீபி மருத்துவர்களின் கையிலேயே வரவுசெலவுப் பணத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு முறைகள் மாறி மாறி வந்தன. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2013 ஏப்ரலில் 211 மருத்துவக் கொள்வனவுக் குழுக்கள் தொடங்கின. ஒரு பகுதி மக்களுக்கு இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை எத்தனை வேண்டும், சலரோகக் கிளினிக் எங்கே வேண்டும் என்று தீர்மானித்து, வைத்தியசாலைகளோடு ஒப்பந்தம் போடுவது அவர்கள் வேலை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அந்தக் குழு ஒவ்வொன்றின் ஆட்சிச் சபையிலும் பதிவுபெற்ற தாதி ஒருவரும் வைத்தியசாலை நிபுணர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் குழு எந்த வைத்தியசாலையிடம் சேவை வாங்குகிறதோ, அங்கே வேலை செய்பவராக அந்தத் தாதி இருக்கக்கூடாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாகிவிடக் கூடாது என்பதற்காக. 2022 யூலை 1இல் அந்தக் குழுக்கள் கலைக்கப்பட்டு 42 ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகள் வந்தன. அங்கும் தாதியப் பணிப்பாளருக்கும் மருத்துவப் பணிப்பாளருக்கும் இடம் இருக்கிறது.

எங்கள் நாட்டில் அப்படி வாங்குகிறவர், விற்கிறவர் என்ற பிரிவு இல்லை. வைத்தியசாலையும் அரசினுடையது, காசும் அரசினுடையது. ஆகவே அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவருவது பற்றி நான் கதைக்கவில்லை. தாதிக்குக் கதிரை கொடுப்பதை யாருடைய தயவுக்கும் விடாமல் விதியாகவே எழுதி வைத்தார்களே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கி அனுப்ப விரும்புகிறோம். என்ன அனுப்பலாம்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளுக்கு உறவுகள் செய்த உதவி சின்னதல்ல. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள். அதில் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள். அந்த மனதை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதலில் கேளுங்கள், பிறகு வாங்குங்கள். பணிப்பாளரிடம் கேட்பதோடு நின்றுவிடாமல், அந்தக் கருவி நிற்கப்போகும் விடுதியின் தாதியிடமும் கேட்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு ஈசீஜீ கருவி, நல்ல கம்பனி, பழுதே இல்லை. அதற்குள் போடும் கடதாசிச் சுருளின் அகலம் இங்கே கிடைக்கும் எதற்கும் பொருந்தவில்லை. அனுப்பியவர்கள் கூட வைத்த சுருள்கள் முடிந்ததும் கருவி அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. இரத்தப் பரிசோதனைக் கருவி என்றால் இன்னும் கவனம். பலவற்றுக்கு அதே கம்பனியின் இரசாயனம்தான் வேண்டும், அதை வருடாவருடம் யார் வாங்குவது? கனடாவிலிருந்து வருகிற கருவி 110 வோல்ற்றில் ஓடும், எங்கள் மின்சாரம் 230.

பிறகு தண்ணீர். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிறது. வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் வைத்தியசாலையின் கிருமியழிக்கும் கருவியின் சூடேற்றும் கம்பியிலும் படியும். தண்ணீரை மென்மையாக்கும் அமைப்பு இல்லாமல் அந்தக் கருவியை மட்டும் வாங்கினால் சீக்கிரமே கம்பி போய்விடும். குருதிச் சுத்திகரிப்பு இயந்திரம் என்றால் சுத்திகரித்த தண்ணீர் இல்லாமல் ஆரம்பிக்கவே முடியாது. ஆகவே இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர், மின்சாரம், உதிரிப்பாகம், திருத்த வருகிற ஆள், இவற்றின் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்சுலின் சிரிஞ்சு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் அரச வைத்தியசாலைகளில் கொடுக்கும் இன்சுலின் ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு. இந்தியாவில் 40 அலகுப் போத்தலும் அதற்கான சிரிஞ்சும் சாதாரணமாகக் கிடைக்கும். மலிவாக இருக்கிறதே என்று அந்த 40 அலகுச் சிரிஞ்சை வாங்கி அனுப்பினால் என்ன நடக்கும்? வீட்டில் அம்மா 20 என்ற கோடுவரை இழுப்பா. உள்ளே போவது அரை மில்லிலீற்றர், அதாவது 50 அலகு. இரவில் சீனி விழுந்து மயங்கினால் காலையில்தான் தெரியவரும். நல்ல மனதோடு அனுப்பிய ஒரு பெட்டி இப்படியும் ஆகலாம். அதனால்தான் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அப்படியென்றால் என்ன அனுப்பலாம்? இங்கேயே முகவர் இருக்கும் கருவியை இங்கேயே வாங்க உதவுங்கள், இரண்டு மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு. பெரும்பாலான நேரங்களில் அதுவே நல்லது. கருவியோடு பயிற்சியும் வர வேண்டும், முடிந்தால் ஒரு பக்கத்தில் தமிழ் வழிகாட்டியும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் இருந்து மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷனரி டாக்டர் கிறீன், பெரிய மருத்துவ நூல்களையே தமிழாக்கினார். எங்களுக்கு ஒரு பக்கம் முடியாதா?

குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போன்ற களத்தில் நிற்பவர்களுக்குத் திட்டமிடலில் இடம் உண்டா?

இருக்க வேண்டும். நோய் வைத்தியசாலைக்கு வருவதற்கு முதல் ஊரில்தான் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது. டிசம்பரில் காய்ச்சலோடு வந்து மூச்சுத்திணறி ஆட்கள் இறக்கத் தொடங்கியபோது, அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. உடனே வயலில் இறங்குகிறவர்களுக்கு நோய் வராமல் தடுக்க டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. மாத்திரை விலை குறைந்ததுதான். ஆனால் எத்தனை பேர் வயலுக்குப் போகிறார்கள், எந்தக் கிராமத்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை என்ற கணக்கு யாரிடம் இருக்கிறது? சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போகிறவர்களிடம்தான்.

டெங்குவும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மாரியோடு வரும், கார்த்திகை, மார்கழி, தையில் விடுதி நிரம்பும். அந்த நேரத்தில் வேண்டியது பெரிய இயந்திரமல்ல. பீசீவீ (குருதியில் சிவப்பணுக்களின் வீதம்) பார்க்கும் மெல்லிய கண்ணாடிக் குழாய், சின்னக் கனூலா, சொட்டுச் சொட்டாக அளந்து சேலைன் விடும் செற், நுளம்புவலை. இவற்றைப் புரட்டாதிக்கு முதலே கேட்டுவிட வேண்டும். வருடத்தைப் பன்னிரண்டால் பிரித்துச் சமமாக அனுப்பினால் சித்திரையில் மிஞ்சும், மார்கழியில் தட்டும்.

தீவுப் பகுதிக்குத் தனிக் கணக்கு வேண்டுமா?

வேண்டும். நெடுந்தீவுக்குக் குறிகாட்டுவானிலிருந்து படகில்தான் போக வேண்டும். காற்று எழும்பினால் படகு ஓடாது. மற்ற இடங்களுக்கு இரண்டு கிழமைக்கு மேலதிக இருப்பு போதும் என்றால், அங்கே அதைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். பாம்புக்கடி மருந்து, ஒட்சிசன், குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் ஓடும் ஜெனரேற்றருக்கான எரிபொருள் எல்லாம் அதற்குள் அடங்கும். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாட்டுக்கே கப்பலில் சாமான் வந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு மேலதிக இருப்பு என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பொருள் தரமில்லை என்று தெரிந்தால் தாதி என்ன செய்யலாம்?

குப்பையில் போடாதீர்கள். ‘இந்த லொட் சரியில்லை’ என்று விடுதிக்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறப்பதுதான் நாங்கள் எல்லோரும் செய்கிற பிழை. நானும் செய்திருக்கிறேன். பாவிப்பதை நிறுத்துங்கள். தொகுதி இலக்கம் தெரிகிற மாதிரி உறையோடு எடுத்து வையுங்கள். என்ன நடந்தது, எந்த நேரம், யாருக்கு என்று எழுதி மருத்துவருக்கும் மருந்தாளருக்கும் கொடுங்கள். அது முறைப்படி மேலே போனால்தான் மாதிரி பரிசோதனைக்குப் போகும், மற்ற வைத்தியசாலைகளும் அந்தத் தொகுதியை நிறுத்தும். 2023இல் வெளிவந்த தரமற்ற இம்யூனோகுளோபியூலின் (நோயெதிர்ப்புப் புரதம்) ஊசி விவகாரம் எவ்வளவு தூரம் போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஊசி ஏற்றும்போது பக்கத்தில் நிற்பது தாதி. முதல் நடுக்கத்தைக் காண்பதும் அவள்தான்.

மருந்துக் கம்பனிக்காரர் தரும் அன்பளிப்பு, மாநாட்டுச் செலவு?

வாங்கும் குழுவில் இருக்கிறவர் எடுக்கக்கூடாது. எடுத்திருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்து விலகி நிற்க வேண்டும். பேனையும் கலண்டரும்கூட வேண்டாம் என்பேன்.

நான் புதுத் தாதி. கூட்டத்தில் பெரிய மருத்துவர்களுக்கு முன்னால் எப்படிக் கதைப்பது?

எனக்கும் முதல் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. இரண்டாவது கூட்டத்துக்கு ஒரு பழைய கொப்பியையும் ஒரு பிளாஸ்டரையும் கொண்டுபோனேன். புதிதாக வந்த பிளாஸ்டர் வியர்வையில் ஒட்டாமல் கனூலா கழன்று விழுவதாக விடுதிப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வைகாசி வெயிலில், மின்விசிறி ஓடாத மூலைக் கட்டிலில், ஒரே வருத்தக்காரருக்கு ஒரு நாளில் மூன்று தரம் கனூலா மாற்றியதைத் திகதியும் நேரமும் போட்டு எழுதி வைத்திருந்தேன். “சேர், இது மலிவு. ஆனால் மூன்று கனூலா முடிந்திருக்கு” என்றேன். பிறகு அந்தப் பிளாஸ்டரை மேசையில் வைத்து, விரும்பினால் கையில் ஒட்டிப் பாருங்கள் என்றேன். சத்திரசிகிச்சை நிபுணர் தன் முழங்கையில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டார். தேநீர் வருவதற்குள் அது ஒரு பக்கம் எழும்பிவிட்டது.